பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின்: கோளாறை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கார் கொட்டகைகளில் நிற்கும் பழைய ஜீப்புகள் பல, பிறப்பில் பெட்ரோல் வண்டிகள். வில்லிஸ் உரிமத்தில் மகிந்திரா செய்த சி.ஜே.3பி, அதில் 2,199 சி.சி. ஹரிக்கேன் இன்ஜின். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் அதை இறக்கிவிட்டு டீசல் ஏற்றினார்கள். பெரும்பாலும் பேஜோ 2,112 அல்லது 2,498 சி.சி., இல்லையென்றால் 2,523 சி.சி. டி.ஐ. (டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜின். ஏற்றியவர் இன்ஜினை மட்டும்தான் மாற்றியிருப்பார். டேங்க், வயரிங், ரேடியேட்டர், கியர் பாக்ஸ் எல்லாம் பெட்ரோல் காலத்து மிச்சம்.

வீட்டில் எது உடைந்தாலும் புதிதாக வந்த மருமகள் தலையில் விழுகிற மாதிரி, வண்டி நின்றால் பழி முதலில் டீசல் இன்ஜின் மேல் விழும். டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்று, அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நாசிலைக் கழற்று என்று ஆரம்பித்துவிடுவார்கள். பட்டறைக்குத் திரும்பத் திரும்ப வருகிற கோளாறுகளைப் பார்த்தால், பம்புக்கும் நாசிலுக்கும் போகவேண்டியது கடைசியில்தான். பழைய பெட்ரோல் சாமானும் புது டீசல் சாமானும் சேருகிற இடத்தில்தான் வில்லங்கம். கீழே அந்த வரிசையில், காசு செலவில்லாத சோதனை முதலில்.

## "இன்ஜினை இறக்காமலே டீசல் சாமான் போடலாமா?"

இது கோளாறு இல்லை, ஆனால் மாதம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். டீசல் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை பெட்ரோல் இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்கில் உட்கார வைத்தால் பாதி செலவில் முடியாதா என்று. ஹரிக்கேனில் முடியாது. அதில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்தில் பிளாக்கில். கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்கும் விகிதம், 7-க்கு 1 சுற்றுவட்டாரம். டீசலுக்கு 17-க்கு மேல் வேண்டும். அந்த அடியை கிராங்கும் பேரிங்கும் தாங்காது.

லேண்ட் ரோவர் கதை வேறு. அதன் 2,286 சி.சி. இன்ஜின் பெட்ரோலிலும் டீசலிலும் ஒரே போர், ஒரே ஸ்ட்ரோக்; டீசல் கிராங்க்கை பெட்ரோல் பிளாக்கில் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. அங்கேயும் மூன்று மெயின் பேரிங் உள்ளதும் ஐந்து உள்ளதும் ஒன்றுக்கொன்று சேராது. அம்பாசடரிலும் பெட்ரோல், டீசல் இரண்டும் 1,489 சி.சி. என்பதால் எல்லா சாமானும் மாறும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். பாகத்தைக் கையில் வைத்து அளந்து பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

## செல்ஃப் போட்டால் "டக்" என்கிறது, சுற்றவில்லை

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் போடும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது பெட்ரோல் காலத்துச் சின்ன பேட்டரியையே வைத்திருக்கிறீர்கள். டீசலைச் சுற்ற அது பத்தாது.

பேட்டரி நன்றாக இருந்தால் எர்த். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் பட்டை தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் செல்ஃபின் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் வழியாகப் போகும். செல்ஃப் போட்டதும் ஸ்டாப் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், எர்த் பட்டை போடுங்கள். மீட்டர் உள்ளவர்கள் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்து செல்ஃப் போடட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

அடுத்து கேபிள். பெட்ரோலுக்குப் போட்ட ஒல்லிக் கேபிள் சூடேறும். வெல்டிங் கேபிள் 35 சதுர மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல், செம்பு.

இவ்வளவுக்கும் பிறகு சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். சுற்றும்போது "கரகர" என்று பல் கடிக்கிற சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். புது இன்ஜினைப் பழைய கியர் பாக்ஸோடு இணைக்கும் அடாப்டர் பிளேட்டில் செல்ஃப் உட்காரும் துளை தவறான இடத்தில் இருந்தால், செல்ஃபின் பல்சக்கரமான பினியன், ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரைத் தின்றுவிடும். ரிங் கியர் மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அந்தச் செலவு வேண்டாம்.

## செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

### மார்கழிக் காலையில் மட்டும்

பேஜோ இன்ஜினாக இருந்தால், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக். நம் ஊர் வெயிலில் வருஷம் முழுக்க ஹீட்டர் செத்துக் கிடந்தாலும் தெரியாது. மார்கழி, தை வந்தால்தான் குட்டு வெளிப்படும். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்ப்பை ஒவ்வொரு பிளக் தலையிலும் தொடுங்கள். எரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. நான்கும் எரிந்தால் ரிலேயையும் அதற்கு வரும் வயரையும் பாருங்கள். டி.ஐ. இன்ஜினுக்கு நம் சீதோஷ்ணத்தில் ஹீட்டர் தேவைப்படாது. அது காலையில் தகராறு செய்தால் கீழே உள்ள பகுதிக்குப் போங்கள்.

ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணி காட்டி ஸ்டார்ட் செய்கிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. ஹீட்டர் சூடாக இருக்கும்போது அதைச் செய்தால் பிஸ்டன் உடையும். ஸ்டார்ட் செய்ய அடிக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான்.

### எந்த நேரமும்

சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போகவே இல்லை.

புகை இல்லாதபோது முதலில் பம்பின் ஸ்டாப் சோலனாய்டு, அதாவது கரண்ட் வந்தால் டீசல் வழியைத் திறக்கும் வால்வு. சாவி போடும்போது "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். கேபிள் வைத்த பம்பாக இருந்தால், இழுத்த கேபிள் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் லைனில் ஏர். ஏர் எடுக்கும் முறை அடுத்த பகுதியில்.

வெள்ளைப் புகை வந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஹீட்டர், அப்புறம் கம்ப்ரஷன். பெட்ரோல் இன்ஜினுக்கு வைத்திருக்கும் கம்ப்ரஷன் கேஜை இதில் மாட்டாதீர்கள், 300 பி.எஸ்.ஐ. வரை மட்டுமே காட்டும் கேஜ் டீசலில் கெட்டுப்போகும். இங்கிருந்து மெக்கானிக் வேலை.

## ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுபோகிறது

அதிகம் வருகிற புகார் இது. அதிகம் வீண் செலவு நடப்பதும் இதில்தான். எப்படி நிற்கிறது என்பதை ஓட்டியவரிடமே கேட்க வேண்டும். பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

### சட்டென்று, விளக்கை அணைத்தது போல்

குன்றக்குடி போகிற வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் அணைந்தது, உடனே மறுபடி ஸ்டார்ட் ஆனது என்று சொன்னால் டீசல் லைனைத் தொடாதீர்கள். கரண்ட் கோளாறு. மாற்றியவர்கள் பலர், பழைய இக்னிஷன் காயிலுக்கு வந்த வயரையே இழுத்து ஸ்டாப் சோலனாய்டில் கொடுத்திருப்பார்கள். அந்த வயர் உள்ளே இற்றுப்போயிருக்கும். சாவிக் கட்டையின் பின்னால் லூசாக இருக்கும். அதை அசைத்துப் பாருங்கள். தற்காலிகமாகத் தனி வயர் கொடுத்து ஒரு நாள் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் ஃபியூஸோடு புது வயர் இழுத்துவிடுங்கள், முடிந்தது.

### மூச்சு வாங்கி, இழுத்து இழுத்து நிற்கிறது

டீசல் பத்தவில்லை, அல்லது காற்று கலக்கிறது.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். சி.ஜே.யில் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே. "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. செம்மண் புழுதி ஊர்களில் இது சாதாரணம். குண்டூசி போதும். கொஞ்ச தூரம் ஓடி நின்று, பத்து நிமிஷம் கழித்துத் தானாகக் கிளம்புகிற வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம்.

மூடி சரியாக இருந்தால் கேன் சோதனை. ஒரு சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, இன்ஜினை விட உயரத்தில் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபில்டருக்குக் கொடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸையும் கேனுக்குள்ளேயே விடுங்கள். அப்படியே வீட்டு வாசலில் அரை மணி நேரம் இன்ஜினை ஓட விடுங்கள். ஓட்டினால் கேன் ஆடும், கவிழும், வேண்டாம்.

கேனில் நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். பம்பு நல்லவன். வரிசையாகப் பாருங்கள்:

- டேங்க் பக்கம் மாட்டிய சின்ன பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர். டீசலுக்கு அது பத்தாது. எடுத்துவிட்டு வண்டல் வடிகட்டும் டீசல் ஃபில்டர் போடுங்கள்.
- பழைய ரப்பர் ஹோஸ், ஜுபிளி கிளிப். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் கண்ணுக்குச் சிக்காது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும்.
- டீசல் பைப்பை இணைக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷர். திரும்பத் திரும்ப இறுக்கியதையே இறுக்காமல் புதிது போடுங்கள்.
- ரிட்டர்ன் லைன். பெட்ரோல் டேங்கில் ரிட்டர்னுக்கு வாய் இருக்காது. சோம்பேறித்தனமாக ரிட்டர்னை ஃபில்டருக்குள்ளேயே திருப்பியிருந்தால் சூடான டீசலும் காற்றும் சுற்றிச் சுற்றி வரும். டேங்குக்கே கொண்டுபோக வேண்டும்.
- டேங்க். வருஷக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியென்றால் உள்ளே துருவும் பழைய பெட்ரோலின் பிசினும். இறக்கிக் கழுவ வேண்டும்.

ரிட்டர்ன் வாய் வைக்கவோ ஓட்டை அடைக்கவோ டேங்குக்கு வெல்டிங் வேண்டியிருந்தால், அது கட்டாயம் டேங்க் வேலை தெரிந்தவரிடம். பெட்ரோல் இருந்த டேங்க், காலியாகத் தெரிந்தாலும் ஆவி உள்ளே இருக்கும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். தெருமுனை கேட் வெல்டிங் கடையில் கொடுக்காதீர்கள்.

கேனிலும் நின்றால் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் நின்றால் பம்பு. அதைக் காரைக்குடியிலோ புதுக்கோட்டையிலோ மதுரையிலோ டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்பு கடையில் மட்டும் பிரிக்க விடுங்கள். ரோட்டோரத்தில் பிரித்த பம்பு பழைய நிலைக்கு வருவது அபூர்வம்.

ஏர் எடுக்கும் முறை. ஃபில்டர் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அழுத்துங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் அழுத்திக்கொண்டே இறுக்குங்கள். பிறகு பம்பில் உள்ள ஸ்க்ரூவுக்கும் அதே. கடைசியாக நாசில் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி செல்ஃப் போடுங்கள்; டீசல் சீறியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். சீறும் இடத்தில் விரல் வைக்க வேண்டாம், அந்த அழுத்தம் தோலுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் சின்னக் காயம் என்று விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏர் எடுத்தால் ஒரு வாரம் ஓடி மறுபடி வருகிறது என்றால், காற்று உள்ளே நுழைகிற வாசலை இன்னும் அடைக்கவில்லை.

## சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்கவில்லை

டீசலுக்கு ஸ்பார்க் கிடையாது. டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். கேபிள் அறுந்திருந்தால் பானெட்டைத் திறந்து பம்பின் ஸ்டாப் லிவரைக் கையால் தள்ளுங்கள். சோலனாய்டாக இருந்தால் அதன் வயரைக் கழற்றுங்கள். வயரைக் கழற்றியும் ஓடினால் சோலனாய்டின் உள்முனை தேய்ந்திருக்கிறது. விலை குறைவு, மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் தானாக வேகம் ஏறிக்கொண்டே போய், லிவருக்கும் அடங்காமல் கத்தினால் அது இன்ஜின் ஆயிலைக் குடித்து ஓடுகிறது. டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விடுங்கள், அணைந்துவிடும். இல்லையென்றால் ஏர் ஃபில்டர் வாயைப் பலகையால் மூடுங்கள். கையால் மூடாதீர்கள். பிறகு ஸ்டார்ட்டே செய்யாமல் கட்டி இழுத்துப் பட்டறைக்கு.

## சூடு ஏறுகிறது

சிராவயல் மஞ்சுவிரட்டு, மாட்டுவண்டிப் பந்தயம் என்று மெதுவாக ஊர்ந்து போகிற நாட்களில் முள் மேலே போகும். ஓட்டத்தில் சரியாக இருந்து ஊர்தலில் மட்டும் சூடானால் ஃபேன். ஓட்டத்திலும் சூடானால் தண்ணி ஓட்டம் அல்லது ரேடியேட்டர்.

ஃபேனுக்கு ஒரு தாள் போதும். இன்ஜின் ஓடும்போது கிரில் முன்னால் காட்டுங்கள். உள்ளே ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் இந்த இன்ஜின் சுற்றும் திசைக்கு ஒவ்வாத ஃபேன் மாட்டப்பட்டிருக்கிறது. லேசாக ஒட்டினால், இன்ஜினைப் பின்னால் தள்ளி உட்கார வைத்ததில் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. தகரத்தில் ஒரு கூண்டு அடித்து மாட்டினால் பெரும்பாலும் தீரும்.

தண்ணி விஷயம். போர் தண்ணியை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்கள் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தில் விழும் மழைத்தண்ணியை அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அதில் கூலன்ட் கலந்து ஊற்றுவது உத்தமம். பெல்ட், ஹோஸ், மூடி பார்த்த பிறகு தெர்மோஸ்டாட்: கொதிக்கும் தண்ணியில் போட்டால் திறக்க வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் சூட்டுக்குத் தப்பிப்பார்கள், ஆனால் இன்ஜின் குளிர்ந்தே ஓடி டீசல் குடிக்கும்.

ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஓட்டாதீர்கள். ஹெட்டை இறக்கி லேத்தில் மட்டம் பார்க்க வேண்டும்.

## புகை

கறுப்பு: முதலில் ஏர் ஃபில்டர். கார்பரேட்டர் காலத்துச் சின்ன ஃபில்டரையே டீசலுக்கு மாட்டியிருப்பார்கள். கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் ரேஸ் செய்து பாருங்கள், புகை குறைந்தால் ஃபில்டரைப் பெரிதாக்குங்கள். குறையாவிட்டால் நாசில் கடை. இழுவைக்காகப் பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருந்தாலும் கறுக்கும்.

நீலம்: ஆயில் எரிகிறது. ஆயில் அளவு கூடுதலா பாருங்கள். இல்லையென்றால் ரிங், வால்வு வேலை, பெரிய செலவு.

சூடான பிறகும் வெள்ளை: ஒரு நாசில் ஒழுகுகிறது, அல்லது தண்ணி உள்ளே போகிறது. தண்ணி குறைகிறதா என்பதே பதில்.

ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டது என்று வருவார்கள். டீசலில் அப்படித்தான்.

## கிளட்ச் பிளேட் நீடிக்கவில்லை, கியர் கடினம்

இந்த டீசல்களின் இழுவை ஹரிக்கேனை விட அதிகம் என்று நினைக்க வேண்டாம். அடி மட்டும் கடுமை. பழைய டி-90 மூன்று கியர் பாக்ஸ் அதைத் தாங்கும், அடாப்டர் பிளேட் நேராக இருந்தால்.

பெடல் விளையாட்டு, லிங்கேஜ், கிளட்ச்சில் ஆயில் ஒழுக்கு மூன்றும் முதலில். அவை சரியாக இருந்தும் பிளேட்டின் நடு ஸ்பிரிங் உடைந்து உடைந்து வந்தாலோ, கியர் பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்தாலோ, இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே மையத்தில் இல்லை. ஐந்தாவது பிளேட் வாங்குவதற்குப் பதில் டயல் கேஜ் உள்ள லேத் பட்டறையில் பெல் ஹவுசிங் மையத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும். அடாப்டரை போல்ட் மட்டும் பிடித்திருந்தால், இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின் வைக்கச் சொல்லுங்கள்.

## 60-க்கு மேல் போகவில்லை, கத்துகிறது

கோளாறு இல்லை, கணக்கு. பெட்ரோல் ஜீப்பில், சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கிரவுன் பினியனின் விகிதம் 5.38. பழைய 16 அங்குல டயரில் 60 கி.மீ. வேகத்துக்கே இன்ஜின் சுமார் 2,400 சுற்று ஓட வேண்டும்; 80-க்கு 3,200 பக்கம். பம்பு கடையில், இன்ஜினின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருகிக் கூட்டச் சொல்லாதீர்கள். அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர் டிரைவோ உயரமான டயரோதான் வழி. டயரை உயர்த்தினால் பிரேக் பிடிப்பு குறையும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும்.

## வைப்பர் அடிக்கவில்லை, பிரேக் கல்லாக இருக்கிறது

பழைய வைப்பர், இன்ஜின் காற்றை உறிஞ்சுவதால் வரும் வேக்கத்தில் (வெற்றிடத்தில்) ஓடுவது. டீசல் இன்ஜினின் மேனிஃபோல்டில் அந்த வேக்கம் கிடைக்காது. எலக்ட்ரிக் வைப்பர் மோட்டார் போடுங்கள், ஐப்பசி வருவதற்குள்.

பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரைப் பிற்பாடு மாட்டிய வண்டிக்கு டைனமோவின் பின்புறம் வேக்கம் பம்ப் இருக்க வேண்டும். இன்ஜினை அணைத்து பெடலை ஐந்தாறு தடவை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஹோஸ், ஒன்வே வால்வு, பிறகு பம்ப். பெடல் பஞ்சு போல் அமுங்கினால் அது வேறு, பிரேக் ஆயிலில் காற்று. எதுவானாலும் பிரேக் சந்தேகத்தோடு வண்டியை எடுக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

## ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் "இன்ஜின் நம்பர் ஒத்துவரலை" என்கிறார்கள்

இதைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரும் எரிபொருள் வகையும் இருக்கின்றன. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இன்ஜின் மாற்றத்துக்குக் கட்டுப்பாடு வைக்கிறது. பதிவாகாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். பழைய வண்டி வாங்குவதற்கு முன்னால் பிளாக்கில் அடித்த நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் முன்பணம் கொடுக்காமல், விற்கிறவரையே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள்.